கவுன்சில் சேர்த்துவைத்த குடும்பம்

இன்று காலையில் புல் வெட்டலாம் என்று பின்வளவுக் கொட்டிலைத் திறந்தேன். புல் வெட்டும் மெஷினுக்கு முன்னால் ஒரு பழைய கதவு சாய்ந்து நிற்கிறது. அதை நகர்த்தினால்தான் மெஷின் வெளியே வரும். நகர்த்துவதற்காகக் கதவைப் பிடித்தவன் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பிறகு மழை தூறத் தொடங்கியது, புல் தப்பியது. இந்த ஊரில் புல் வெட்டாமல் விடுவதற்கு இதைவிட மோசமான சாட்டுகள் எல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். அதை விடுவோம், கதவுக்கு வருகிறேன்.

அது போன வருடம்வரை எங்கள் வீட்டு மேல்மாடி அறை ஒன்றின் கதவு. போன வருடம் வீட்டை இரண்டாகப் பிரித்தேன். கீழ்த்தளம் எனக்கு, மேல்தளம் வாடகைக்கு. பிரிக்கிற வீட்டுக்கு நெருப்புத் தாங்குகிற கனத்த கதவுகள்தான் போடவேண்டும் என்பது சட்டம். ஆகவே வேலைக்கு வந்த ரவி பழைய கதவுகளை எல்லாம் கழற்றி, வாசலில் நின்ற பெரிய குப்பைத்தொட்டியில் போட்டார். அதிலிருந்து ஒன்றை மட்டும் நான் இழுத்தெடுத்தேன்.

"இதை வைச்சு என்ன செய்யப்போறியள் அண்ணை?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். ரவி நல்ல பிள்ளை. வயதான ஆட்களிடம் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்.

கேட்டிருந்தால், வீட்டை ஏன் பிரிக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். வாடகைக்காக என்றுதான் இந்தக் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எல்லோரும் நினைக்கிறார்கள். கோயிலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "நல்ல முடிவு, காசை வெறுமனே விடக்கூடாது" என்று பாராட்டினார். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு மேலே ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்கவேண்டும். அவ்வளவுதான். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே யாராவது ஒருவர் கட்டிலில் இருந்து எழும்பி ஜன்னலடிக்கு நடந்துபோகவேண்டும். அதைக் கேட்டால் போதும் என்று நினைத்தேன்.

கதவில் கைபிடிக்கு மேலே ஒரு துளை இருக்கிறது. பெரிய நாணயத்தின் அளவு. முந்தி அதற்குள் புட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ற் அடித்து, இருந்த இடம் தெரியாமல் செய்திருந்தோம். கொட்டிலின் ஈரத்தில் புட்டி உதிர்ந்து விழுந்துவிட்டது. துளையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் மகளுக்கு உடனே போன் போயிருக்கும். பழைய பெயின்ற் மணம்தான் வந்தது. ஆனால் என் மூக்கு சொல்வழி கேட்பதில்லை. அது தன்பாட்டில் ராணி அக்காவின் மிளகாய் வறுவலைத் தேடிக்கொண்டு போய்விட்டது.

ராணி அக்கா தேவன் அண்ணையின் மனைவி. தேவன் அண்ணைதான் முதலில் இந்த வீட்டை ஒரு பஞ்சாபி ஐயாவிடம் முழுதாக வாடகைக்கு எடுத்து, அறை அறையாக எங்களுக்குக் கொடுத்தவர். இருவரும் எனக்குச் சொந்தமில்லை. அப்போது எனக்கு லண்டனில் சொந்தமென்று இருந்தது ஒரு பயணப்பெட்டியும் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடை வேலையும்தான். மேலே பெரிய அறையில் தேவன் அண்ணையும் ராணி அக்காவும் பிள்ளைகளும். பின் அறையில் நானும் நேசனும். சின்ன அறையில் மன்னாரிலிருந்து வந்த மரியதாசும் மனைவியும். கீழே முன்ஹோலில் சில இளம் பெடியள்; அவர்களில் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், முகங்கள்கூட எனக்கு இப்போது குழம்புகின்றன.

இந்தத் தெருவில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் என்பது அப்போது சட்டம் மட்டுமல்ல, தெருவின் மரியாதையும்கூட. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு எங்கே போவது?

இப்போது இதைச் சொன்னால், ஆகா, எல்லோரும் ஒன்றாய் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பீர்கள் என்று நினைப்பீர்கள். தொடக்கத்தில் அப்படி ஒன்றுமில்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு. குசினி அலுமாரியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. ஃபிரிட்ஜில் பால் போத்தல்களில் பெயர். நேசன் தன் பால் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பேனையால் கோடு போட்டு வைப்பான். கோட்டுக்குக் கீழே பால் இறங்கியிருந்தால் யாரையும் கேட்கமாட்டான், எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பான். அடுப்புக்கு முறை இருந்தது. என் முறை வரும்போது சோற்றை வடித்து, பானையோடு மேலே கொண்டுபோய், கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் இருந்து தின்பேன். சுவருக்கு அந்தப்பக்கம் மரியதாசும் மனைவியும் தின்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு தின்பேன். அந்த நாட்களில் நான் அழுதிருக்கிறேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. காரம் கூடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாதபோதும்.

எங்களைச் சேர்த்துவைத்தது கவுன்சில்.

ஒரு வீட்டில் பல குடும்பம் என்று யாரோ நகரசபைக்கு முறைப்பாடு செய்துவிட்டார்கள். யார் என்று தெரியாது. பக்கத்து வீட்டு மிஸ்ஸிஸ் ஹார்வி என்று நாங்களாகவே முடிவுகட்டினோம். தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவி. ராணி அக்கா மிளகாயும் மல்லியும் வறுக்கிற நாட்களில் அந்த மனுசி ஜன்னலை அடித்துச் சாத்துகிற சத்தம் தெரு முனைக்குக் கேட்கும். எங்கள் படிக்கட்டு அவருடைய சுவரோடு ஒட்டியது. நாங்கள் ஷிப்டுக்குப் போய்வரும்போது ஏறி இறங்குவதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். அப்போது அவரைத் திட்டினோம். இப்போது அந்த மனுசியை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

வியாழக்கிழமை கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிறார் என்று பஞ்சாபி ஐயா வந்து சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அன்று ஒருவரும் சாப்பிடவில்லை. தேவன் அண்ணை எல்லோரையும் முன்ஹோலுக்குக் கூப்பிட்டார். அவர் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர், கூட்டம் வைப்பதென்றால் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"நான் விசாரிச்சனான். அறைக்கு அறை பூட்டு இருந்தா அது லொட்ஜ். வேற வேறயாச் சமைச்சா அதுவும் லொட்ஜ். ஒண்டாச் சமைச்சு ஒண்டாச் சாப்பிட்டா அது குடும்பம். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு அண்ணை," என்றான் நேசன். "ஆனா என்ரை பாலை என்ன செய்யிறது?"

பூட்டுகள் எல்லாவற்றையும் நேசனே கழற்றினான். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுப் பின்வளவில் ஒளித்தான். கழற்றிய இடங்களில்தான் இந்தத் துளைகள். அவற்றை மூட நேரமில்லை. ராணி அக்கா யாரோ கல்யாணவீட்டுக்கு வாங்கிய பெரிய பானையை இரவலாகக் கொண்டுவந்து, எல்லோருடைய அரிசியையும் ஒன்றாகக் கொட்டினார். நான் வாங்கிவைத்திருந்த நல்ல சம்பா மரியதாசின் மலிவு அரிசியோடு கலந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கதவுப் பலகை துடைத்தாகிவிட்டது, பால் போத்தல் பெயர்கள் கழுவியாகிவிட்டது, பிள்ளைகளுக்குத் தலை வாரியாகிவிட்டது. எல்லாம் சரி என்று நாங்கள் மூச்சுவிட்டபோதுதான் அழைப்புமணி அடித்தது.

கதவைத் திறந்த பிறகுதான் நாங்கள் செய்த வேலை எங்களுக்கே தெரிந்தது. வீட்டுக்குள் சப்பாத்தோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லைத்தானே. எல்லோருடையதும் வாசல் கூடத்தில்தான் கிடக்கும். வேலைச் சப்பாத்து, பனிச் சப்பாத்து, செருப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து. வழக்கமாக அது ஒரு குவியல். அதற்குள் எத்தனை பேருடையது கிடக்கிறது என்று கடவுளுக்கும் தெரியாது. அன்றைக்கு, பெரிய ஆள் வருகிறார் என்ற மரியாதையில், ராணி அக்கா அவற்றை எல்லாம் துடைத்து, சோடி சோடியாக, வரிசையாக, பெரியதிலிருந்து சிறியதுவரை அடுக்கி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலைக்கூட்டத்தில் நிற்பதுபோல அவை நின்றன.

வந்தவர் உயரமான, மெலிந்த மனிதர். மழையில் நனைந்த கோட். அவர் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். திரும்பவும் பார்த்தார். தேவன் அண்ணை அவசரமாக முன்னுக்கு வந்தார்.

"வீ ஆர் வன் ஃபாமிலி, சேர்," என்றார்.

அந்த மனிதர் குனிந்தார். தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி வரிசையின் கடைசியில், மற்றவற்றோடு நேராக, வைத்தார். அவருடைய காலுறையில் பெருவிரலடியில் ஓட்டை. அவர் போன பிறகு ராணி அக்கா சொன்ன முதல் வார்த்தை அதைப் பற்றித்தான்: "பாவம், வீட்டிலை ஆக்கள் இல்லைப் போல."

கவுன்சில்காரர் மேலே போனார். எங்கள் அறைக்கதவின் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இங்கே என்ன இருந்தது என்று கேட்டார். நேசனுக்குப் பொய் சொல்ல எங்களில் ஒருவரும் பழக்கவில்லை. "லொக் சேர்," என்றான். எங்களுக்கு உயிர் போய்விட்டது. "நவ் நோ லொக். பிகோஸ் வீ ஆர் ஃபாமிலி." அந்த மனிதர் அவனை நெடுநேரம் பார்த்தார். அவன் தன் பால் போத்தலைப் பார்க்கிற அதே மாதிரி.

கீழே வந்தபோது மேசையில் இடம் போதாமல் நிலத்தில் செய்தித்தாள் விரித்துத் தட்டுகள் வைத்திருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல். ராணி அக்கா கேட்கவில்லை, ஒரு தட்டில் போட்டு நீட்டிவிட்டார். வந்தவர் நின்றபடியே சாப்பிட்டார். நிறையத் தண்ணீர் குடித்தார். மரியதாஸ் சிலுவை போட்டு முடியும்வரை நாங்கள் எல்லோரும் சோற்றில் கை வைக்காமல் காத்திருந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றார். அது நடிப்பில் சேர்க்காத விஷயம். சிலுவை போடுகிறவனுக்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவது?

வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு அவர் சொன்னதைத் தேவன் அண்ணை எங்களுக்குத் தமிழில் சொன்னார். தான் இங்கே வாடகைக்காரரைக் காணவில்லை, கொஞ்சம் பெரிய குடும்பம் ஒன்றைத்தான் கண்டதாம். இப்படியே ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டு இருந்தால் பிரச்சினை இல்லையாம். ஆனால் திரும்பவும் வந்து பார்ப்பாராம். அடுத்தமுறை சொல்லாமல்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்கள் தலைவிதி. சொல்லாமல் வருவார் என்றால் எப்போதும் குடும்பமாக இருக்கவேண்டும் அல்லவா? ஆகவே அன்று பின்னேரமும் ஒரே பானை. அடுத்த நாளும். இரவல் பானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்று சொந்தமாக வாங்கினோம். ஷிப்டில் இருப்பவனுக்கு மூடி வைப்பது, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைப்பது எல்லாம் அதன் பின்னால் தானாக வந்தன. நேசன் கோடு போடுவதை விட்டான். எல்லோருக்கும் ஒரே பாலாகிவிட்டபோது யாரைப் பார்ப்பது?

வெளிக்கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ராணி அக்கா குசினியிலிருந்து கத்துவார்: "ஆரது?"

கவுன்சில்காரர் வந்துவிட்டாரோ என்ற பயம். வந்தது எங்களில் ஒருவரென்றால் "நான்தான்" என்போம். பெயர் சொல்வதில்லை. பெயர் எதற்கு? அந்த ஒரு வார்த்தையில் யார், எந்த ஷிப்ட் முடித்து வருகிறான், பசியா, குளிரா, முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறானா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குப் போவதற்குள் தட்டில் எனக்கு வேண்டிய அளவு சோறு இருக்கும். பயம் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அவர் இல்லாதபோது யார் குசினியில் நின்றாலும் கேட்டோம். ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போடும்போது ராணி அக்கா கடைசியில் ஒரு பிடி கூடப் போடுவார். "கவுன்சில்காரருக்கு" என்பார்.

அவர் திரும்பி வரவேயில்லை. வருடக்கணக்காக நாங்கள் அவருக்குப் பயந்து சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு என்ன, எல்லோருக்கும் நல்ல காலம் வந்தது. முதலில் முன்ஹோல் பெடியள் போனார்கள். மரியதாசும் மனைவியும் ஸ்ட்ரெதம் பக்கம் வீடு எடுத்துப் போனார்கள். அந்தப் பெண் போகிற அன்று வாசலில் நின்று அழுதது. நேசன் கலியாணம் முடித்தான். என் மனைவி வந்தாள், சில வருடம் ராணி அக்காவின் பானையில் அவளும் சாப்பிட்டாள். எங்கள் மகள் பிறந்து இந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். தேவன் அண்ணை குடும்பமும் போகும்போது, பஞ்சாபி ஐயா எங்களிடமே வீட்டை விற்றார். அப்போதுதான் துளைகளுக்குப் புட்டி வைத்து அடைத்தேன். கடைசியில் சட்டம் சொன்னபடி ஒரு வீடு, ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை. நாய் மட்டும் இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தேவன் அண்ணை இறந்துவிட்டார். ராணி அக்கா கனடாவில் மகனோடு. போனில் என் குரலை இப்போது மட்டுக்கட்டுவதில்லை, ஒவ்வொருமுறையும் பெயர் சொல்லவேண்டியிருக்கிறது. என் மனைவி போய் நாலைந்து வருடம். மகள் எடின்பரோவில். மேலே மூன்று அறைகளும் பூட்டில்லாமல், ஆளில்லாமல் கிடந்தன. நான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பின்னேரம் போய்ச் சாத்திவிட்டு வருவேன். அதை ஒரு வேலையாக வைத்திருந்தேன்.

போன வருடத்துக்கு முதல் வருடம் மகள் வந்தபோதுதான் பேச்சு வந்தது. லண்டனில் ஆட்களுக்கு இருக்க இடமில்லை, அதனால் ஒற்றைக் குடும்ப வீடுகளைச் சின்னச் சின்ன வீடுகளாகப் பிரிக்க இப்போது முந்தியைவிட இலகுவாக அனுமதிக்கிறார்கள், விண்ணப்பித்தால் என்ன என்றாள். "திஸ் ஹவுஸ் இஸ் டூ பிக் ஃபோர் யூ, அப்பா." நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்து நியாயங்கள் எல்லாம் தயார்செய்து வந்திருந்தாள், பாவம். நான் உடனே ஓம் என்றேன். எந்தச் சட்டத்துக்குப் பயந்து பூட்டைக் கழற்றினோமோ அந்தச் சட்டம் இப்போது தானாகவே வந்து, ஆட்களைக் கூட்டிவா என்கிறது என்று நினைத்தேன். பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு.

விண்ணப்பித்ததும் கவுன்சிலிலிருந்து வந்து வாசல் விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டினார்கள். தெருவில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. மிஸ்ஸிஸ் ஹார்வி வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. எதிர்ப்பு வந்தது வேறு இடத்திலிருந்து. நேசன் எனக்குப் போன் எடுத்தான். அவன் இப்போது லண்டனுக்கு வெளியே, சுற்றிவரத் தோட்டம் உள்ள பெரிய வீட்டில் இருக்கிறான்.

"வீட்டை ரெண்டாப் பிரிக்கிறியாம்?"

"ஓம்."

"எங்கடை றோட்டிலையும் ஒருத்தன் பிளாட் அடிக்கப் பாக்கிறான். நாங்கள் எல்லாரும் சேந்து ஒப்ஜெக்‌ஷன் போட்டிட்டம். இது ஃபாமிலி ஏரியா எல்லே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்ரை வீட்டிலை இப்ப ஆர் ஆர் இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றான். "மனுசி மகளின்ரை பிள்ளைப்பேறு பாக்கப் போட்டா. அங்கேயே நிண்டிடுவா போலை கிடக்கு."

பிறகு இருவரும் குளிரைப் பற்றிக் கதைத்தோம்.

அனுமதி வந்தது. ரவி வந்தார். படிக்கட்டைச் சுவர் வைத்து மறைத்து, வாசல் கூடத்துக்குள் இரண்டு கதவு வைத்தார். வெளிக்கதவு இருவருக்கும் பொது. உள்ளே ஒன்று எனக்கு, ஒன்று மேலே போகிறவர்களுக்கு. அதுவரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் என் தலைக்கு மேலிருந்த முகட்டைப் பிரித்து, கட்டுக் கட்டாகப் பஞ்சு அடுக்கினார். அதன்மேல் ஒரு பலகை, அதன்மேல் இன்னொன்று.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"சத்தத்துக்கு. மேலை ஆனை நடந்தாலும் இனி உங்களுக்குக் கேளாது."

"இவ்வளவு அடைக்கவேணுமோ? கொஞ்சம் கேட்டால்தான் என்ன?"

ரவி ஏணியிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார். "அடைக்காட்டி இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணமாட்டார் அண்ணை. மெஷின் வைச்சு அளப்பினம்."

அளந்தார்கள். ஒரு இளம் பெண் பெரிய ஒலிபெருக்கி ஒன்றை மேலே வைத்து இரைச்சல் போட்டுவிட்டு, கீழே வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் கருவியை நீட்டிக்கொண்டு நின்றாள். தன் வீடு பரீட்சையில் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்ற வீட்டுக்காரன் குட்மேய்ஸில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஃபிரிட்ஜின் உறுமல்தான் கேட்டது. "எக்ஸலன்ட்," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

வைகாசியில் ஆட்கள் வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் சோடி, கணவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நடை பழகி முடித்து ஓடத் தொடங்கியிருக்கிற ஒரு பெண் குழந்தை. நல்ல மனிதர்கள், அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. வந்த அன்று ஒரு டப்பாவில் கேசரி தந்தார்கள். நான் டப்பாவைக் கழுவி அதற்குள் கொஞ்சம் எள்ளுருண்டை வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு சாட்டுக் கிடைக்கவில்லை. அவர்களுடைய சப்பாத்துகள் வாசலில் கிடப்பதில்லை. தங்கள் கதவைத் திறந்து, படியடியில் கழற்றி வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிடுகிறார்கள். எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதாம்.

போன கிழமை வாசல் கூடத்தில் அந்தப் பிள்ளையின் தாயைக் கண்டேன். ஏதோ சொல்லத் தயங்கிக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இவ நாள் பூரா மேல ஓடிக்கிட்டே இருப்பா. சொன்னாலும் கேக்க மாட்டா. உங்களுக்குக் கீழ தொந்தரவா இருக்கா?"

"ஓடுறவளோ?" என்று கேட்டேன்.

"ஆமா அங்கிள். இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்கு. கட்டில்லேருந்து வேற குதிப்பா."

குழந்தை தாயின் காலுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அம்மா," என்றேன். அவளுக்குப் பெரிய நிம்மதி. "தேங்க் காட்," என்று நெஞ்சில் கை வைத்தாள். நான் உள்ளே வந்து, சரியாக எங்கள் பழைய பின் அறைக்கு நேர்கீழே கதிரையை இழுத்துப்போட்டு, டீவியை நிறுத்திவிட்டு இருந்தேன். தலைக்கு மேலே ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருந்திருக்கவேண்டும். வெள்ளை முகட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ரவி வேலை சுத்தமாகத்தான் செய்திருக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். வெளிக்கதவு திறந்தது. அந்தச் சத்தம் ஒன்றைத்தான் அவர்கள் எனக்கு மிச்சம் விட்டிருக்கிறார்கள். கை தண்ணீருக்குள் இருந்தது, மனம் எங்கேயோ இருந்தது. வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"ஆரது?"

வாசல் கூடத்தில் நடை நின்றது. ஒரு சாவிக்கொத்தின் சத்தம்.

"மேல் வீடு, அங்கிள்," என்றது கணவனின் குரல். மரியாதையான, பணிவான குரல். பிறகு அவர்களுடைய கதவு திறந்து சாத்தப்பட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

பிழையாக ஒன்றும் சொல்லவில்லை அந்தத் தம்பி. ஆர் என்று கேட்டேன், ஆர் என்று சொன்னான். பெயர் சொல்லாமல் "நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு குசினிக்கு வருகிற ஆட்கள் இந்த வீட்டுக்கு இனி இல்லை. அந்தக் குரல்களுக்கு அளவாய்ச் சோறு போடுகிற கையும் இல்லை. ஒரு ஆள் சொல்லாமல் வந்துவிடுவார் என்று பயப்படுகிற பயமும் இல்லை. எனக்கு அந்தப் பயத்தைத்தான் எல்லாவற்றையும்விடத் தேடுகிறது.

பானைக்குள் பார்த்தேன். எனக்கென்று போட்டதற்கு மேலே, கவுன்சில்காரருக்கும் ஒரு பிடி போட்டிருந்தேன்.